உம்மாவின் ரிப்போர்ட்டில் 35 வீதம்: கி-67 என்ற எண்ணின் வரலாறு

சில மாதங்களுக்கு முன்னர், இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய நேரம், எமது வட்ஸ்அப்புக்கு ஒரு புகைப்படம் வந்தது. அனுப்பியவர் எம்மிடம் சாதாரண தரம் வரை விஞ்ஞானம் படித்த மாணவி. அவருடைய உம்மாவும் எமது பாடசாலையில் ஆரம்பப் பிரிவுக்குக் கற்பிப்பவர்தான். ஆசிரியர் அறையில் நாம் எல்லோரும் அவரை ராத்தா என்றே கூப்பிடுவோம். புகைப்படத்தில் இருந்தது ராத்தாவின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த பயொப்சியின் அறிக்கை. அதற்குக் கீழே மகளின் செய்தி.

"சேர், உம்மாட ரிப்போர்ட்டில கி-67 எண்டு போட்டு 35 வீதம் எண்டு இருக்கு. அப்ப கென்சர் உடம்புல 35 வீதம் பரவிட்டா? இல்லாட்டி உம்மா தப்புறதுக்கு 35 வீதம்தான் சான்ஸா? உம்மா இனி ஆஸ்பத்திரிக்கே வரமாட்டன், மருந்தும் வாணாம் எண்டு சொல்லிட்டு கதவ மூடிட்டு இருக்கிறா."

"ரெண்டும் இல்ல மகள். நாளைக்கு உம்மாவ கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்க" என்று உடனே பதில் எழுதினோம். ஆனால் அந்த எண் என்னவென்று விளங்கப்படுத்த ஒரு குறுஞ்செய்தி போதாது. ஓர் எண்ணைப் பிழையாக வாசித்ததால் ஒரு தாய் மருந்தையே வேண்டாம் என்று சொல்லும் நிலை வருமென்றால், அந்த எண் எங்கிருந்து வந்தது, யார் கண்டுபிடித்தார்கள், எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. அதற்காகவே இந்த நீண்ட பதிவு. நாம் வைத்தியர் அல்ல, விஞ்ஞான ஆசிரியர். சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் வைத்தியருடன்தான் பேச வேண்டும். இங்கே நாம் சொல்வது வரலாறு.

*

கதை தொடங்குவது ஜேர்மனியின் வடக்கே, போல்டிக் கடலோரத்தில் இருக்கும் கீல் என்ற துறைமுக நகரத்தில். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1876ஆம் ஆண்டு உடற்கூற்றியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் வோல்தர் ஃபிளெமிங்.

அதற்கு இருபது வருடங்களுக்கு முன்னரே ருடோல்ஃப் விர்கோ என்ற ஜேர்மன் நோயியலாளர், ஒவ்வொரு கலமும் இன்னொரு கலத்திலிருந்தே உருவாகிறது என்று உறுதியாக எழுதிவிட்டார். நோயும் கலத்தில்தான் இருக்கிறது என்பது அவருடைய போதனை. ஆனால் ஒரு கலம் எப்படி இரண்டாகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்பது இருட்டாகவே இருந்தது. கலம் நிறமற்றது. நுணுக்குக்காட்டியில் வைத்தாலும் உள்ளே இருப்பது கண்ணாடிக்குள் கண்ணாடி போலத்தான் தெரியும்.

அந்த இருட்டை நீக்கியது ஜேர்மனியின் சாயத் தொழில். துணிகளுக்கு நிறமூட்ட உருவாக்கிய அனிலின் சாயங்களை விஞ்ஞானிகள் இழையங்களின் மீது ஊற்றிப் பார்த்தார்கள். ஃபிளெமிங் சலமந்தர் என்ற ஈரூடக உயிரியின் குடம்பிகளை எடுத்தார். அவற்றின் கலங்கள் பெரியவை. சாயம் கருவுக்குள் இருந்த ஒரு பொருளில் மட்டும் இறுகப் பிடித்தது. அதற்குக் குரோமற்றின் என்று பெயரிட்டார். கலம் பிரியும்போது அந்தப் பொருள் நூல் போலத் திரண்டு, நெடுக்காகப் பிளந்து, இரு பக்கமும் விலகிச் செல்வதைப் படிப்படியாக வரைந்தார். 1882இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்த நிகழ்வுக்கு மைட்டோசிஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் மைட்டோஸ் என்றால் நூல், இழை. எமது பாடப் புத்தகத்தில் "இழையுருப்பிரிவு" என்று மாணவர்கள் மனனம் செய்கிறார்களே, அந்தச் சொல்லுக்குள் இருக்கும் இழை ஃபிளெமிங் கண்ட அதே இழைதான்.

இந்த மனிதரைப் பற்றி ஆசிரியர்களாகிய எமக்குப் பிடித்த இன்னொரு செய்தியும் உண்டு. தனது சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை வீடற்றோர் தங்குமிடங்களுக்குக் கொடுத்தார் என்றும், பாடசாலைக்குப் போக வசதியில்லாத சிறுவர்களுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தார் என்றும் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

கீல் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் நூறு வருடம் கழித்து நாம் அங்கே திரும்பி வரப் போகிறோம்.

*

கலம் பிரிவதைப் பார்க்க முடிந்த பிறகு, புற்றுநோய்க் கட்டிகளிலும் அதைத் தேடினார்கள். 1890இல் பேர்லினில், விர்கோவின் கீழ் பணியாற்றிய டேவிட் ஃபொன் ஹான்செமான், புற்றுநோய்க் கலங்கள் ஒழுங்காகப் பிரிவதில்லை, இழைகள் ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவுமாகப் பிரிகின்றன என்று எழுதினார். கலம் எந்த அளவுக்குத் தன் இயல்பான உருவத்தை இழந்திருக்கிறதோ அந்த அளவுக்கு அது மூர்க்கமானது என்ற எண்ணம் இங்கிருந்துதான் வளர்ந்தது.

இந்த எண்ணத்தை மார்புப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தி, நோயாளியின் எதிர்காலத்தை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று பார்த்தவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகரச் சத்திரசிகிச்சை நிபுணர் ரொபர்ட் கிரீனோ. 1925இல் அவர் கட்டிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து மூன்று தரங்களாகப் பிரித்தார். மூன்று வருடம் கழித்து, 1928இல், லண்டனில் பேட்டி, ஸ்கார்ஃப் என்ற இருவர் அந்த முறையை எளிதாக்கினார்கள். 1957இல் ப்ளூம், ரிச்சர்ட்சன் இருவரும் அதற்குப் புள்ளியிடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது 1,409 நோயாளிகளை. அவர்களில் 359 பேரை 15 வருடங்கள் வரை தொடர்ந்து கவனித்திருந்தார்கள். கணினி இல்லாத காலம். தபாலிலும் கோப்பிலும் 15 வருடம் ஒரு நோயாளியைப் பின்தொடர்வது என்றால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர்களுடைய முறை ஆசிரியர்களுக்கு இலகுவாக விளங்கும். மூன்று கேள்விகள். கலங்கள் சாதாரண மார்பு இழையத்தைப் போலக் குழாய்களாக அமைந்திருக்கின்றனவா? கருக்கள் ஒரே அளவானவையா, ஒழுங்கற்றவையா? எத்தனை கலங்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன? ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 3 வரை புள்ளி. கூட்டினால் 3 முதல் 9 வரை வரும். 3 முதல் 5 வரை முதலாம் தரம், 6, 7 இரண்டாம் தரம், 8, 9 மூன்றாம் தரம். 1991இல் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் எல்ஸ்டன், எல்லிஸ் இருவரும் 1,800க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து இதை மேலும் துல்லியமாக்கினார்கள். இன்றைக்கு பயொப்சி அறிக்கைகளில் தரம் என்று இருப்பது பெரும்பாலும் அந்த நொட்டிங்ஹாம் முறைதான்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, பாடசாலையில் தரம் ஏறினால் சந்தோஷம், இங்கே தரம் ஏறினால் கவலை. இரண்டாவது, தரம் வேறு, கட்டம் வேறு. கட்டம் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்வது. தரம் என்பது கலத்தின் குணத்தைச் சொல்வது. "மூன்றாம் தரம்" என்பதைப் பார்த்து "மூன்றாம் கட்டம்" என்று அழுதவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

*

மேலே சொன்ன மூன்றாவது கேள்வியில்தான் ஒரு சிக்கல் இருந்தது. கலம் பிரிவது கண்ணுக்குத் தெரிவது கொஞ்ச நேரம்தான். கலத்தின் வாழ்க்கையில் பிரிவதற்கான ஆயத்தம் நீண்டது, பிரியும் தருணம் குறுகியது. கலியாண வீட்டுக்கு வெளியே நின்று, நிக்காஹ் நடக்கும் பத்து நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு, எத்தனை பேர் உள்ளே வேலை செய்கிறார்கள் என்று கணக்கெடுக்க முடியுமா?

அந்த ஆயத்தத்தை முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ஓர் அவரையினச் செடி. 1953இல் லண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் அல்மா ஹவார்ட் என்ற பெண் விஞ்ஞானியும் ஸ்டீபன் பெல்க்கும் அந்தச் செடியின் வேர்களைக் கதிர்த்தொழிற்பாடுள்ள பொசுபரசு கலந்த நீரில் வளர்த்தார்கள். டீ.என்.ஏ. உருவாகும் கலங்கள் அந்தப் பொசுபரசை உள்ளே எடுத்துக்கொண்டன. இதிலிருந்து கலத்தின் வாழ்க்கை நான்கு கட்டங்களாக நடக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். முதல் இடைவெளி, டீ.என்.ஏ. இரட்டிக்கும் காலம், இரண்டாம் இடைவெளி, பிரிவு. உயர்தர மாணவர்கள் ஜீ1, எஸ், ஜீ2, எம் என்று வட்டம் போட்டு வரைவது இதைத்தான். வேலையில்லாமல் ஓய்வாக வட்டத்துக்கு வெளியே நிற்கும் கலங்களுக்குப் பிற்பாடு ஜீ0 என்று பெயர் வந்தது.

அதன் பிறகு கதிர்த்தொழிற்பாடுள்ள தைமிடினைக் கட்டிக் கலங்களுக்குக் கொடுத்து, எத்தனை கலங்கள் அதை எடுத்துக்கொள்கின்றன என்று எண்ணும் முறை வந்தது. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் மார்புப் புற்றுநோயில் இதைச் செய்து பார்த்தவர்கள், அதிகமான கலங்கள் டீ.என்.ஏ.யை இரட்டித்துக்கொண்டிருக்கும் கட்டிகள் திரும்பி வரும் வாய்ப்பு கூடியவை என்று கண்டார்கள். ஆனால் இதற்கு உயிருள்ள புதிய இழையம் வேண்டும், கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் வேண்டும், படத்தகட்டில் பதியும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெரிய ஆய்வுகூடங்களால் முடிந்தது, சாதாரண வைத்தியசாலையால் முடியவில்லை.

*

இப்போது மீண்டும் கீல் நகரத்துக்கு வருவோம். ஆனால் அதற்கு முன்னர் ஒரு நிமிடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நிற்க வேண்டும்.

எமது உடல் அந்நியப் பொருளுக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உருவாக்குகிறது என்று தரம் 11 பிள்ளைக்கும் தெரியும். 1975இல் கேம்பிரிட்ஜில் ஜோர்ஜ் கோலர், செசார் மில்ஸ்டைன் இருவரும், ஒரேயொரு இலக்கை மட்டும் பிடிக்கும் ஒரேவகைப் பிறபொருளெதிரியை ஆய்வுகூடத்தில் வேண்டிய அளவுக்கு உருவாக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் எலிகளை வைத்து விதவிதமான பிறபொருளெதிரிகளைத் தயாரிக்கத் தொடங்கினார்கள்.

கீல் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ஸ்டைன், யொஹானஸ் கெர்டெஸ், உல்ரிக் ஷ்வாப், ஹில்மர் லெம்கே ஆகியோர் தேடியது மார்புப் புற்றுநோய் சம்பந்தமான எதையும் அல்ல. ஹொட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோயின் கலங்களை மட்டும் அடையாளம் காட்டும் ஒரு பிறபொருளெதிரியைத் தேடினார்கள். எல்-428 என்ற ஹொட்ஜ்கின் கல வரிசையின் கருக்களை எலிகளுக்குள் செலுத்தினார்கள். கிடைத்த கலங்களை 96 சிறு குழிகள் கொண்ட தட்டில் பிரித்து வளர்த்தார்கள். அந்தத் தட்டின் 67ஆம் இலக்கத்தில் வளர்ந்தது ஒரு விசித்திரமான பிறபொருளெதிரி. கீல் நகரத்தின் முதல் இரு எழுத்தும் அந்த இலக்கமும் சேர்ந்து பெயரானது: கி-67. ராத்தாவை அழவைத்த பெயரின் பின்னால் இருப்பது இவ்வளவுதான், ஓர் ஊரின் பெயரும் ஒரு தட்டின் இலக்கமும்.

அவர்கள் தேடியதற்கு இது பொருந்தவில்லை. ஹொட்ஜ்கின் கலங்களை மட்டுமல்ல, வேறு பல கலங்களையும் அது பிடித்தது. அங்கேதான் அந்த ஆய்வாளர்களின் கூர்மை தெரிகிறது. குப்பையில் போடாமல், எவை எவற்றைப் பிடிக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். நிணநீர்க் கணுக்களில் வேகமாகப் பெருகும் கலங்கள், ஆம். ஓய்வாக இருக்கும் நிணநீர்க் கலங்கள், இல்லை. ஈரல், சிறுநீரகம், மூளைக் கலங்கள், இல்லை. ஓய்வான நிணநீர்க் கலத்தைத் தூண்டிப் பிரிய வைத்தால், ஆம். விடை துலங்கியது. பிரியும் வட்டத்துக்குள் இருக்கும் எந்தக் கலத்தின் கருவிலும் இந்தப் பொருள் இருக்கிறது, ஓய்வில் இருக்கும் கலத்தில் இல்லை. 1983இல் இதை வெளியிட்டார்கள். ஃபிளெமிங்கின் நூலுக்கு 101 வருடங்களின் பின்னர், அதே நகரத்தில். 1984இல் வெளிவந்த அடுத்த ஆய்வு, ஜீ0 தவிர்ந்த எல்லாக் கட்டங்களிலும் அது இருக்கிறது என்பதை உறுதிப்படுத்தியது.

கலியாண வீட்டு உதாரணத்துக்குத் திரும்பினால், இப்போது நிக்காஹ் நேரத்தை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. சமையல்காரர், பந்தல் போடுபவர், அழைப்பிதழ் எழுதுபவர் எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை போட்டுவிட்டது போலாயிற்று. எண்ணினால் போதும்.

1986இல் கெர்டெஸும் மற்றவர்களும் மார்புப் புற்றுநோய்க் கட்டிகளில் இதைப் பயன்படுத்தி, பெருகும் கலங்களின் பங்கை நேரடியாக எண்ணிக் காட்டினார்கள்.

*

ஆனாலும் ஒரு தடை இருந்தது. அந்த முதல் பிறபொருளெதிரி உறையவைத்த புதிய இழையத்தில் மட்டுமே வேலை செய்தது. உலகத்து வைத்தியசாலைகளோ இழையத்தை ஃபோர்மலினில் இட்டு, மெழுகில் பதித்து, கட்டியாக வைத்திருந்தன. ஃபோர்மலின் புரதங்களை இறுக்கிப் பூட்டிவிடும்.

பூட்டைத் திறந்தது சமையலறைச் சாமான். 1991இல் அமெரிக்காவில் ஷான்-ரோங் ஷி என்ற ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும், மெழுகு வெட்டுகளை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினால் பூட்டுப்பட்ட புரதங்கள் மீண்டும் பிறபொருளெதிரிக்குத் தென்படுகின்றன என்று காட்டினார்கள். அடுத்த வருடமே, வட ஜேர்மனியின் போர்ஸ்டெல் ஆய்வு நிலையத்துக்கு மாறியிருந்த கெர்டெஸும் மற்றவர்களும், சூடாக்கிய மெழுகு வெட்டிலும் கி-67 புரதத்தைப் பிடிக்கும் மிப்-1 என்ற புதிய பிறபொருளெதிரியை அறிமுகப்படுத்தினார்கள். அதன் பிறகு, பழைய மெழுகுக் கட்டிகளையும் எடுத்துச் சோதிக்கலாம் என்றானது. பல வருடங்களுக்கு முன்னர் சிகிச்சை பெற்றவர்களின் கட்டிகளில் கி-67 எவ்வளவு இருந்தது, அவர்கள் பிறகு எப்படி இருந்தார்கள் என்று ஒப்பிட முடிந்தது.

அப்படிப்பட்ட ஆய்வுகள் குவிந்தன. 2007இல் 46 ஆய்வுகளை, மொத்தம் 12,155 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கி-67 கூடுதலாக இருந்தவர்களில் நோய் திரும்பும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. மொத்தக் கணக்கில் இது உண்மை. தனி ஒருவருக்கு என்ன நடக்கும் என்பதை அது சொல்லவில்லை. வகுப்பின் சராசரிப் புள்ளியை வைத்து ஒரு பிள்ளையின் புள்ளியைச் சொல்ல முடியாது என்று எமக்குத் தெரியும்தானே.

*

இனித்தான் வரலாற்றின் சச்சரவான பகுதி. எத்தனை வீதத்துக்கு மேல் போனால் கூடுதல்?

அப்போது சுவிட்சர்லாந்தின் சென் கேலன் நகரத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடிவந்த மார்புப் புற்றுநோய் நிபுணர் மாநாடு 2009இல் 15 வீதம், 30 வீதம் என்று இரண்டு கோடுகளைப் போட்டது. 2011இல் ஓமோன் வாங்கியுள்ள கட்டிகளை இரண்டாகப் பிரிக்க 14 வீதம் என்றது. 2013இல் 20 வீதம் பற்றிப் பேசியது. சித்தி பெறும் புள்ளியை வருடத்துக்கு வருடம் மாற்றினால் பெற்றோர் எம்மை என்ன கேட்பார்கள்?

ஆனால் உண்மையான பிரச்சினை கோட்டில் இல்லை, எண்ணுவதில் இருந்தது. 2013இல் ஒரு சர்வதேசக் குழு, 8 ஆய்வுகூடங்களுக்கு 100 மார்புப் புற்றுநோய்க் கட்டிகளின் வெட்டுகளைக் கொடுத்தது. ஒரே இடத்தில் சாயமிட்டுக் கொடுத்தபோதுகூட, வெவ்வேறு ஆய்வுகூடங்கள் வெவ்வேறு வீதங்களைச் சொன்னன. ஒவ்வொருவரும் கட்டியின் எந்தப் பகுதியைப் பார்த்தார்கள், மங்கலான பழுப்பைச் சேர்த்தார்களா விட்டார்களா என்பதைப் பொறுத்து விடை மாறியது. ஒரே விடைத்தாளை எட்டு ஆசிரியர்களிடம் கொடுத்த கதைதான். இதற்குத் தீர்வாக எப்படி எண்ணுவது என்று பயிற்சி முறைகளை உருவாக்கினார்கள்.

அந்தக் குழு 2021இல் வெளியிட்ட முடிவு நேர்மையானது. ஓமோன் வாங்கியுள்ள, ஹேர்-2 இல்லாத ஆரம்பநிலைப் புற்றுநோயில், கி-67 5 வீதமோ அதற்குக் குறைவோ என்றால் தாழ்வு என்று நம்பலாம். 30 வீதமோ அதற்கு மேலோ என்றால் உயர்வு என்று நம்பலாம். இடையில் இருக்கும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கீமோ பற்றி முடிவெடுக்க வேண்டாம். ஓர் அளவுகோலை உருவாக்கியவர்களே அதன் நடுப்பகுதியில் நம்பிக்கை வைக்காதீர்கள் என்று சொல்வது பெரிய விடயம்.

மருந்து உலகமும் இதைக் கற்றுக்கொண்டது. அபெமாசிக்லிப் என்ற மாத்திரையை ஆரம்பநிலை நோயில் பாவிக்க 2021 ஒக்டோபரில் அமெரிக்கா அனுமதித்தபோது, நோய் திரும்பும் ஆபத்து கூடியவர்களில் கி-67 20 வீதமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டது. 2023 மார்ச்சில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. எண் குறைவாக இருந்தவர்களிலும் மருந்து வேலை செய்ததைக் கண்டார்கள்.

இன்னொரு பயனும் தெரியவந்தது. பிரித்தானியாவில் மாதவிடாய் நின்ற நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கி நடந்து, 2020இல் முடிவு வெளியான ஆய்வில், பலருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன்னர் இரண்டு வாரம் ஓமோன் தடுப்பு மாத்திரை கொடுத்து, கி-67ஐ மீண்டும் அளந்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் எண் நன்றாகக் கீழே இறங்கியவர்களில் நோய் திரும்புவது குறைவாக இருந்தது. அதாவது எண் ஏற இறங்கக் கூடியது. மருந்து கேட்கிறதா என்பதை அது காட்டவும் கூடும். தலையெழுத்து அப்படி இறங்குவதில்லை.

*

இவ்வளவு காலமும் அந்தப் புரதம் கலத்துக்குள் என்ன வேலைதான் செய்கிறது? பெயர் வைத்து 30 வருடங்களுக்கு மேலாகியும் சரியான விடை இல்லாமல் இருந்தது. 2016இல் வியன்னாவில் டானியல் கெர்லிக்கின் ஆய்வுக் குழு ஒரு விடையைக் கண்டது. கலம் பிரியும் நேரத்தில் கி-67 நிறமூர்த்தங்களின் மேற்பரப்பைச் சூழ்ந்து நின்று, அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபட்டுப் போகாமல் விலக்கி வைக்கிறது. சவர்க்காரம் எண்ணெய்த் துளிகளை ஒட்டவிடாமல் வைத்திருப்பது போல. ஃபிளெமிங் வரைந்த இழைகள் ஏன் தனித்தனியாகத் தெரிந்தன என்ற கேள்விக்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. அதே வருடம் வெளிவந்த இன்னோர் ஆய்வு, கி-67 இல்லாமலும் கலங்கள் பிரிந்து பெருகும் என்று காட்டியது. ஆகவே அது புற்றுநோயைத் தூண்டும் நெருப்பல்ல, நெருப்பு எரியும் இடத்தைக் காட்டும் புகை.

*

இனி ராத்தாவின் 35 வீதத்துக்கு வருவோம். அந்த அறிக்கை சொன்னது இதுதான்: கட்டியிலிருந்து எடுத்த வெட்டில் எண்ணிய புற்றுநோய்க் கலங்கள் நூற்றில் 35 பிரியும் வட்டத்துக்குள் இருக்கின்றன, மற்ற 65 ஓய்வில் இருக்கின்றன. நோய் உடம்பில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதையோ உயிர் பிழைக்கும் வாய்ப்பையோ அது சொல்லவில்லை. அதைக் கட்டியின் அளவு, கக்கத்து நிணநீர்க் கணுக்களின் நிலை, தரம், ஓமோன் வாங்கிகள், ஹேர்-2 எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் வைத்தியர் வாசிக்கிறார். வேகமாகப் பிரியும் கலங்களைத் தாக்குவதுதான் பல கீமோ மருந்துகளின் வழி. எனவே எண் கூடிய கட்டி மருந்துக்கு நன்றாகச் சுருங்குவதும் உண்டு. எண் கூடியது என்றால் மருந்தை விட்டுவிட வேண்டும் என்பதல்ல, மருந்தைப் பிற்போடக் கூடாது என்பதே அர்த்தம். எண் குறைந்தவரும் "எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை" என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஓய்வில் இருப்பது என்றைக்கும் எழும்பாது என்று எவரும் உத்தரவாதம் தரவில்லை.

இதையெல்லாம் அடுத்த நாள் காலையில் ராத்தாவின் வீட்டு முன்விறாந்தையில் இருந்து, ஒரு கொப்பித் தாளில் நூறு வட்டம் வரைந்து, அதில் 35ஐப் பென்சிலால் நிறம் தீட்டிக் காட்டினோம். ராத்தா கதவுக்கு உள்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தால் வெளியே வந்து அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். 35 வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு எண் சொல்லிக் கொடுத்தவர்.

"அப்ப இது எனக்குப் போட்ட புள்ளி இல்லையா சேர்?" என்று கேட்டார்.

"இல்ல ராத்தா. கட்டிக்குப் போட்ட புள்ளி."

அன்று பகல் மகளும் உம்மாவும் கிளினிக்குக்குப் போனார்கள். சிகிச்சை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முடிவை அல்லாஹ்தான் அறிவான். ஆனால் அந்தக் கதவு திறந்தது.

சகோதரிகளே, எமது நாட்டில் பெண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். உங்கள் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினூடாக நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில், 35 வயது கடந்தவர்களுக்கு மார்புப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். மிட்வைஃபிடம் கேட்டால் நாள் சொல்வார். மார்பில் கட்டியோ, தோலில் சுருக்கமோ, காம்பில் மாற்றமோ கண்டால் எந்த வயதானாலும் காத்திருக்க வேண்டாம். பெண்ணைக் கூட்டிப் போக வேண்டியது அவருடைய கணவன், மகன், சகோதரன் ஆகிய எம்மைப் போன்ற ஆண்களின் பொறுப்பும்தான். "ஊசி குத்தினால் பரவும்" என்ற கதையைக் கேட்டு பயொப்சிக்குப் பயப்படாதீர்கள். என்ன நோய், என்ன மருந்து என்று தெரிய அந்தச் சிறு துண்டு இழையம் வேண்டும்.

அறிக்கை கையில் கிடைத்தால் கூகுளில் தேடுவதற்கு முன்னர் வைத்தியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்தக் கட்டம்? ஓமோன் வாங்கியும் ஹேர்-2உம் இருக்கிறதா? இந்தக் கி-67 எண் என்னுடைய மருந்தை மாற்றுமா, இல்லையா?

இந்த மாதம் உயர்தர மாணவர்களுக்கு வெங்காய வேர்நுனிச் செய்முறை வருகிறது. நுணுக்குக்காட்டியில் பிரியும் கலங்களை எண்ணி, மொத்தக் கலங்களால் வகுத்து, நூறால் பெருக்கச் சொல்லுவோம். வழமையாகப் பிள்ளைகள் "இது எதுக்கு சேர்?" என்று கேட்பார்கள். இந்த முறை சொல்வதற்கு ஒரு பதில் எம்மிடம் இருக்கிறது.